வனைந்த கைக்குப் பெயரில்லையா?

பானை ஓட்டிற்குக் கண்ணாடிப் பேழை செய்து வைத்த தமிழ்நாடு, பானை வனையும் கைக்கு நல்ல கூலி செய்து வைக்கவில்லை. மண்ணுக்குள் புதைந்து கிடந்த ஓட்டைக் கண்டால் தமிழன் நெஞ்சு நிமிர்கின்றான்; மண்ணை மிதித்துக் கொண்டிருக்கும் காலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றான். இம்முரண்பாட்டை இன்னும் எத்தனை நாள் சுமப்பது?

ஓசூருக்கும் தருமபுரிக்கும் இடைப்பட்ட ஊர் இராயக்கோட்டை. தக்காளிச் சந்தையால் பெயர் பெற்றது. ஒருபுறம் ஓசூர்த் தொழிலகங்களின் புகைபோக்கிகள். அவற்றிற்கு அப்பால் கன்னட நாட்டெல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி இது. கலம் வனைவோரைத் தெலுங்கர் கும்மரி என்பர். கன்னடர் கும்பார என்பர். இரண்டும் 'கும்பகார' என்னும் வடசொல் வழிவந்தவை. தமிழுக்கோ குயவர் என்றும் வேட்கோ என்றும் சொந்தச் சொற்கள் உண்டு. கோவூர்கிழார் புறநானூற்று 32ஆம் பாட்டில், நலங்கிள்ளியின் எண்ணத்திற்கு நாடு இசைவதை விளக்கத் திகிரிமேல் வைத்த மண்ணையே உவமையாக்கினார். 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், மறைந்த கிள்ளிவளவனுக்குத் தாழி வனைய வேண்டிய வேட்கோவை விளித்து இரங்கினார். வேந்தனின் ஆட்சியைச் சொல்லவும் வேட்கோ வேண்டும். அவன் இறப்பைச் சொல்லவும் வேட்கோ வேண்டும். அவ்வளவு உயர்ந்திருந்த தொழில் இன்று சாலையோரத்தில் வைக்கோற் படுக்கைமேல் விலை கேட்பாரின்றிக் கிடக்கின்றது.

கார்த்திகை விளக்கீட்டிற்கு முந்திய நாள்களிலும் பொங்கலுக்கு முந்திய நாள்களிலும் ஒரு வனைகூடத்தை எட்டிப் பார்ப்பவர்க்கு அத்தொழிலின் கடுமை விளங்கும். கோடையில் ஏரியில் வெட்டிக் கொணர்ந்த களிமண்ணை உலர்த்தி, உடைத்து, கல்லும் வேரும் நீக்கி, ஊறவைத்து, நுண்மணல் கலந்து காலால் மிதிக்க வேண்டும். மிதித்ததைக் கையால் பிசைய வேண்டும். மண்ணுக்குள் ஒரு குமிழி காற்று நின்றாலும், ஒரு சுண்ணாம்புக்கல் தங்கினாலும், பின்னர்க் கலம் வெடிக்கும். அதன்பின்புதான் திகிரி சுழலும். திகிரியில் எழும் பானைக்கு அடி இராது. நூலால் அறுத்தெடுத்து, சற்றே இறுகியபின், உள்ளே கல்லையும் வெளியே மரப்பலகையையும் கொண்டு தட்டித் தட்டியே அடியை மூட வேண்டும். காண்போர் வியப்பது திகிரியை. கலத்தை ஆக்குவதோ பலகை.

வனையாத நாளெல்லாம் குயவர்க்கு ஓய்வு நாள் என்று எண்ணுவோர் பலர். அது பிழை. நிழலில் உலரும் கலத்தைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். ஒருபுறம் விரைந்து உலர்ந்தால் மறுபுறம் விரிசல் காணும். உலர்ந்தபின் செம்மண் குழம்பு பூச வேண்டும்; சூளை அடுக்க வேண்டும்; விறகும் வைக்கோலும் தேட வேண்டும்; இரவெல்லாம் விழித்துத் தீயை ஆள வேண்டும். முதலில் மெல்லிய தீ. இல்லையேல் உள்ளீரம் ஆவியாகிக் கலத்தைப் பிளக்கும். ஏறத்தாழ 600 பாகை வெம்மையைக் கடந்தபின் களிமண் களிமண்ணாக இருப்பதில்லை. மீண்டும் நீரில் கரையாத சுடுமண்ணாகி விடுகின்றது. இத்தனையும் முடிந்து சூளை ஆறும் வேளையில் மழை பெய்தால், பல நாள் உழைப்பு ஒரே பொழுதில் ஓடாகும்.

இவ்வுழைப்பின் பழமையைச் சொல்லும் சான்று இராயக்கோட்டை அமைந்த கிருட்டிணகிரி மாவட்டத்திலேயே கிடைத்துள்ளது. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். கறுப்பு-சிவப்புக் கலங்கள் கி.மு. 2200-க்கு முன்பே அங்குப் புழங்கின என்பதும் அவ்வாய்வின் முடிவு. வெளியே சிவப்பும் உள்ளே கறுப்புமாக ஒரே கலம் அமைவது எளிய செயலன்று. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடுங்கால், உயிர்வளி பட்ட புறம் மண்ணிலுள்ள இரும்பால் சிவக்கும். உயிர்வளி புகாத அகம் கரியேறிக் கறுக்கும். தீயையும் காற்றையும் அளந்து ஆண்ட அறிவு அது. இரும்பைக் கண்டு பெருமை பேசிய மேடைகள், அக்கலத்தைச் சுட்ட கையைப் பற்றி எத்தனை சொல் பேசின?

வைகைக் கரையிலும் இதே நிலை. கீழடியில் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் 56 கிடைத்தன என்று 2019ஆம் ஆண்டின் ஆய்வறிக்கை கூறிற்று. ஆதன் என்னும் பெயரைப் படித்துத் தமிழுலகம் மகிழ்ந்தது. 2023 மார்ச்சு 5ஆம் நாள் அங்கு அருங்காட்சியகமும் திறக்கப்பெற்றது. வேண்டிய பணியே, வாழ்த்துக்குரியதே. ஆனால், அதே சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில் இன்றும் திகிரி சுழல்கின்றது. கடம் என வழங்கும் இசைக்குடத்திற்குப் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூர் மீனாட்சி அம்மையார் ஒரு குடத்தை மூவாயிரம் முறைக்கு மேல் தட்டித் தட்டி அதற்கு ஒலியை ஊட்டுபவர். 2013ஆம் ஆண்டிற்கான சங்கீத நாடக அகாதெமி விருது அவருக்கு வழங்கப்பெற்றது. இசைக்கருவி செய்யும் கைக்கு வந்த அப்பெருமை தமிழர் நினைவில் வைக்கத் தக்கது. எனினும், இசையரங்கில் குடத்தை இசைப்பவர் பெயரை அறிந்த கூட்டத்தில், குடத்தைத் தட்டியவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

பெயர் என்பது சிறு செய்தியன்று. புதுச்சேரியில் 1971ஆம் ஆண்டு இரே மீக்கர், தெபோரா சிமித்து என்னும் அமெரிக்கர் இருவர் ஒரு வனைகூடம் நிறுவினர். அங்குப் பயின்றோர் பலர் கலைஞராய்ப் புகழ் பெற்றனர். தாம் வனைந்த கலத்தின் அடியில் தம் பொறியைப் பதிப்பது அத்தகைய கலைஞரின் வழக்கம். பொறி கண்டவர் விலையைக் குறைத்துக் கேட்பதில்லை. மண்ணும் கையும் தீயும் இருவர்க்கும் உண்டு. ஒருவர் கலைஞர்; மற்றவர் வெறும் பானைக்காரர். 'செராமிக்', 'டெரகோட்டா', 'ஸ்டுடியோ' என்று ஆங்கிலப் பெயர் சூட்டியவுடன் மதிப்பு ஏறுவதும், சுடுமண் என்றும் வனைகூடம் என்றும் தமிழில் சொன்னால் இறங்குவதும் மொழிக்கு நேர்ந்த இழிவு மட்டுமன்று. உழைப்பவன் வயிற்றில் விழும் அடியுமாகும்.

"நெகிழிக் குடமும் துருவேறா இரும்பும் மலிந்துவிட்ட காலத்தில் மட்கலம் எதற்கு?" என்பர் சிலர். மலிவு எங்கிருந்து வந்தது என்பதை அவர் எண்ணுவதில்லை. தொழிலகத்தில் மிகைநேரம் உழைத்தவனுக்கு இருமடங்குக் கூலி என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிலகச் சட்டம் நாட்டிய நெறி. ஓசூர்த் தொழிலகத்தில் அந்நெறியைக் கேட்கத் தெரிந்த தமிழன், கார்த்திகை இரவெல்லாம் விழித்துச் சுட்ட அகல்விளக்கை வாங்குங்கால் காலணாக் கணக்குப் பேசுகின்றான். குயவரின் மிகைநேரத்திற்குக் கூலி கொடுப்பவர் யார்? வாங்குபவரே, வேறு எவருமிலர்.

ஏரி வண்டலும் களிமண்ணும் எடுக்க வட்டாட்சியரே இசைவு வழங்கலாம் என 2024ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு விதியை எளிமையாக்கியது. நன்று. அரசு மண்ணைத் தரலாம். மதிப்பை மக்களே தர வேண்டும்.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. வனைவோர் தம் பெயரையும் ஊரையும் பச்சைக் கலத்தின் அடியிலேயே தமிழில் பொறித்திடுக. வாங்குவோர் அப்பெயரைக் கேட்டு, பேரம் பேசாது வாங்குக. தமிழாசிரியர், வேட்கோ என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதிய கையோடு மாணவரை ஊர்க் குயவரின் திகிரிமுன் அழைத்துச் செல்க. சொல்லைக் காப்பது சொற்பொருளைக் காப்பதே.

ஆதன் பெயரைத் தாங்கிய கலம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் காத்திருந்தது. அதை வனைந்தவன் பெயரை இனி எவரும் அறிய இயலாது. இன்று வனைபவர் பெயரையேனும் இழவாதிருப்போர் தமிழர் எனப்படுக!