எட்டுக்கும் எய்ட்டுக்கும் என்ன உறவு?

நம் 'எட்டு'தான் கடல் கடந்து ஆங்கில 'எய்ட்' ஆனதாம், ஒரு கட்டுரை சொல்கிறது. கட்டுரையாளர் காட்டும் ஒரே சான்று காதுக்குக் கேட்கும் ஒற்றுமை. அந்த ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்தில் 'எஅஹ்த'. அதன் உறவுச் சொற்கள் லத்தீனில் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. நம் எட்டின் அடி 'எண்'. எண்பது, எண்ணூறு, எண்திசை என்று சொல்லிப் பாருங்கள், ணகரம் தானே தலைகாட்டும். கன்னடத்திலும் 'எண்டு'தான். பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உறவென்றால் நெருங்க வேண்டாமா?

ஒலி ஒற்றுமை எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: வடகிழக்கு ஆஸ்திரேலியாவின் ம்பாபரம் மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலேயர் கொடுத்ததல்ல, மொழியியலாளர் ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் அதன் தடத்தைக் காட்டியிருக்கிறார். அண்டை மொழியான யிடிஞ்சில் அது 'குடக'. ம்பாபரத்தில் முதலசையும் கடைசி உயிரும் உதிர்ந்தன, நடு உயிர் திரிந்தது, அவ்வளவுதான். ஆங்கிலேயர் நாயையே அங்கிருந்துதான் கடன் வாங்கினார்கள் என்று அடுத்த கட்டுரை வருமோ?