தராசுக்கு முத்திரை, கம்ப்யூட்டருக்கு?

நம்மில் எவரும் தராசுக்கு முத்திரை வைக்க மறப்பதில்லை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை வேண்டும் என்பது சட்டம். அபராதத்துக்குப் பயந்து மட்டும் நாம் இதைச் செய்வதில்லை. எடை தப்பினால் கடையின் பெயரும் தப்பிவிடும் என்று தெரியும். அதனால் வேலை நாளில் அரை நாள் போனாலும் முணுமுணுக்காமல் போய் வருகிறோம். ஆனால் அந்தத் தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கம்ப்யூட்டரை மட்டும் ஏன் இப்படிக் கவனிக்காமல் விடுகிறோம்? பில், வரி, கையிருப்பு, பற்று வரவு எல்லாம் இன்று அதற்குள்தானே இருக்கின்றன!

நமக்கு நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று திரையில் வட்டம் சுற்றுகிறது. முக்கால் மணி நேரம் சுற்றியது. பிறகு எல்லாம் வந்தது. பிரிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை. "ஏனுங்க, இன்னும் பில்லு வரலீங்களா?" என்று வாடிக்கையாளர்கள் நிற்க, பரணிலிருந்து பழைய பில் புத்தகத்தையும் கார்பன் தாளையும் தேடி எடுத்தோம். அன்று கையால் போட்ட பில்களில் எத்தனை பற்றுக் கணக்கில் ஏறாமல் போயின என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது.

பார்க்க வந்தவர், "பிரிண்டர் பழசுங்க, புதுசு வாங்கிக்கங்க" என்று சொல்லிப் போய்விட்டார். மறுநாள் வேறொருவர் வந்து, பிரிண்டரை இயக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருளை மீண்டும் ஏற்றினார். அரை மணி நேர வேலை. அந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் ஓடுகிறது.

இப்படி ஒரு நாள் அவதிப்பட்டவுடன் நம்மில் பலர் செய்யும் காரியம் ஒன்றுண்டு. பழக்கமான பையனைக் கூப்பிட்டு அப்டேட்டையே அடைத்துவிடுகிறோம். "நிறுத்தி வெச்சிட்டனுங்ணா, இனித் தொந்தரவே இல்லீங்" என்று அவரும் சொல்லிவிட்டுப் போகிறார். நாமும் இரண்டு ஆண்டு அப்படித்தான் இருந்தோம். அது பெரிய தவறு.

2017-ஆம் ஆண்டு மே 12 அன்று வான்னாகிரை என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். வாளையாரைத் தாண்டினால் வரும் பாலக்காட்டில், ரயில்வே கோட்ட அலுவலகக் கம்ப்யூட்டர்களும் மாட்டின. இதில் வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. இரண்டு மாதம் அதைப் போடாமல் விட்டவர்களே பெரும்பாலும் சிக்கினார்கள்.

அப்படியானால் வந்ததையெல்லாம் வந்த நிமிடமே போட்டுக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. 2021 மார்ச்சில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட், சில பிரிண்டர்களுக்கு அச்சிட உத்தரவிட்டதுமே கம்ப்யூட்டரை நீலத் திரையில் நிறுத்தியது. சில நாட்களில் திருத்தம் வந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் வந்த ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே பயணிகளுக்குக் கையால் எழுதிச் சீட்டுக் கொடுத்தார்கள்.

ஆகவே நாம் சொல்ல வருவது இதுதான். அப்டேட்டை அடைத்து வைப்பதும் தவறு, அது வந்த நேரத்துக்கு விடுவதும் தவறு. தராசுக்கு நாள் குறிப்பதுபோல், கம்ப்யூட்டருக்கும் நாமே நாள் குறிக்க வேண்டும்.

வழி கடினமல்ல. விண்டோஸின் மாதாந்திர அப்டேட், மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகிறது. அதாவது நமக்குச் செவ்வாய் இரவுக்குப் பிறகு, புதன் முதல் வந்து சேரும். அமைப்புகள் பகுதியில் இதை 35 நாள் வரை தள்ளிப்போட வசதி உண்டு. கடை நேரத்தில் தானாக அணைந்து எழாதபடி வேலை நேரத்தைக் குறித்து வைக்கவும் வசதி உண்டு. எனவே ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, யாருக்கும் பழுதில்லை என்று தெரிந்தபின், ஒரு ஞாயிறு மாலை கடை சாத்திய பிறகு போடலாம். தீபாவளி, பொங்கல் வாரங்களில் வேண்டவே வேண்டாம்.

போடுமுன் கணக்கை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, டிரைவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். யுபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; பாதியில் மின்சாரம் போனால் கம்ப்யூட்டரே எழாமல் போகலாம். முடிந்ததும் ஒரு பில் அடித்து, பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று அன்றிரவே பார்த்துவிட வேண்டும். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டியது நம் கடமை. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்ற பதில் அதிகாரியிடம் எடுபடாது.

பில்லிங் மென்பொருளுக்கும் இது பொருந்தும். 2025 செப்டம்பர் 22 அன்று புதிய ஜிஎஸ்டி விகிதங்கள் வந்ததை நாம் மறக்க முடியாது. குளியல் சோப்பும் பற்பசையும் 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கின. டிடர்ஜென்ட் பவுடர் 18-லேயே நின்றது. ஒரே அலமாரியில் இரண்டு விகிதம்! முந்தைய ஞாயிறே உட்கார்ந்து திருத்தியவர்கள் திங்களன்று நிம்மதியாக வியாபாரம் செய்தார்கள். திருத்தாதவர்கள் வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன், தீபாவளிக்கு ஆறு நாள் முன், முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பதால், பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது ஏறாது. இதைக் காட்டி எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவர்கள் வருவார்கள். அவசரப்பட வேண்டாம். தனிநபர் பயன்பாட்டுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் தர மைக்ரோசாஃப்ட் ஒரு திட்டம் அறிவித்தது. நம் கம்ப்யூட்டருக்குப் பொருந்துமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புதிது வாங்கத்தான் வேண்டுமென்றாலும், பழைய பிரிண்டரையும் ஸ்கேனரையும் அதில் ஓட்டிக் காட்டச் சொல்லி, பிறகே பணம் கொடுக்க வேண்டும். மூட்டை பிரித்துப் பார்க்காமல் பருப்பு வாங்குவோமா?

ரங்கே கவுடர் வீதி மொத்த வியாபாரிகள் முதல் பொள்ளாச்சி, அன்னூர் சில்லறைக் கடைகள் வரை இந்தத் தொல்லை பொதுவானது. ஆளுக்கொரு பையனைத் தேடி அலைவதைவிட, சங்கம் பகுதிக்கு ஒரு நம்பகமான ஆளை நியமித்து, மாதம் ஒரு ஞாயிறு கடைகளைச் சுற்றி வரச் செய்யலாம். செலவைப் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கும் பாரமில்லை. அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துப் பேசும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்கள் அதுவரை காத்திராமல், இன்று கடை சாத்துமுன் கணக்கை ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டுகிறோம்.