பேசாத படமும் நாம் கேட்கும் படிப்பினையும்

சென்ற பள்ளி விடுமுறையில் ஆசிரிய நண்பர்கள் சிலரும் அவர்தம் குடும்பத்தாரும் என் இல்லத்திற்கு விருந்துக்கு வந்திருந்தனர். உணவு முடிந்ததும் ஏதேனும் படம் பார்க்கலாம் என்றார்கள். அனைவரும் தமிழ்ப்படத்தை எதிர்பார்த்திருக்க, நான் போட்டது 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பிரெஞ்சு அசைவூட்டப் படம். விருந்தினரிடம் இப்படியா நடந்துகொள்வது என்று என் கணவர் இன்றளவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

படத்தின் பெயரைத் தமிழில் ‘பெல்வில் நகரத்து முச்சகோதரிகள்’ எனலாம். இயக்கியவர் சில்வன் ஷொமே. ஏறத்தாழ 80 நிமிடம் ஓடும் இப்படத்தில், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்கும் குரல்களையும் பாட்டையும் நீக்கிவிட்டால், பாத்திரங்கள் பேசுவது விரல்விட்டு எண்ணத்தக்க அளவே. 2004 ஆஸ்கார் விழாவில் சிறந்த அசைவூட்டப் படத்திற்கும் சிறந்த பாடலுக்கும் முன்மொழியப்பட்டு, இரண்டிலும் வெறுங்கையுடன் திரும்பியது. படப்பிரிவில் வென்றது நம் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த ‘ஃபைண்டிங் நீமோ’.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேடம் சூசா என்னும் பாட்டி, பெற்றோரில்லாத பேரனை வளர்க்கிறார். பேரனின் பெயர் சாம்பியன். எதிலும் பற்றில்லாமல் வாடியிருக்கும் அவனுக்கு நாய்க்குட்டியை வாங்கித் தருகிறார்; பொம்மை இரயிலை வாங்கித் தருகிறார்; பயனில்லை. ஒருநாள், மிதிவண்டி வீரர்களின் படங்களை அவன் வெட்டி ஒட்டி வைத்திருக்கும் ஏட்டைக் காண்கிறார். மூன்று சக்கர மிதிவண்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. ஆண்டுகள் கழிந்து அவன் ‘தூர் த பிரான்ஸ்’ பந்தயத்திற்குப் பயிற்சி செய்கிறான். பாட்டி விசில் ஊதிக்கொண்டே பின்தொடர்கிறார். பந்தயத்தின்போது கொள்ளைக் கூட்டத்தார் அவனைக் கடத்திக் கப்பலேற்றுகிறார்கள். பாட்டி நாயுடன் ஒரு மிதிபடகில் கடலைக் கடந்து, முன்னாளில் மேடைப் பாடகியராய் இருந்த மூன்று கிழச் சகோதரிகளின் துணையுடன் அவனை மீட்கிறார்.

என் வரவேற்பறையில் முதல் பத்து நிமிடத்திலேயே முணுமுணுப்பு எழுந்தது. “எப்பொழுது பேசத் தொடங்குவார்கள்?” என்றார் ஒருவர். “ஏன் இவ்வளவு அசிங்கமாக வரைந்திருக்கிறார்கள்?” என்றார் இன்னொருவர். கைப்பேசிகள் வெளிவந்தன. சகோதரிகள் குளத்தில் வெடி வைத்துத் தவளை பிடித்து இரவு உணவாக்கும் காட்சியில் பாதிப்பேர் முகத்தைச் சுளித்தனர். மீதிப்பேர் வயிறு குலுங்கச் சிரித்தனர். செய்தித்தாள், குளிர்பதனப் பெட்டி, தூசி உறிஞ்சி, மிதிவண்டிச் சக்கரம் ஆகியவற்றைக்கொண்டு நான்கு மூதாட்டியரும் கச்சேரி செய்யும்போதுதான் அறை அமைதியானது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நாற்காலிக் கைப்பிடியில் தாளமே போட ஆரம்பித்துவிட்டார்.

பேச்சில்லாத படம் நமக்குப் புதிதன்று. 1987இல் வெளியான கமல்ஹாசனின் ‘பேசும் படம்’ என் வீட்டிற்கு வந்திருந்த பெரியோருக்கு நன்கு தெரியும். ‘டோம் அண்ட் ஜெர்ரி’ பார்க்காத பிள்ளை இந்நாட்டில் உண்டா? பூனையும் எலியும் ஏன் பேசவில்லை என்று யாரும் குறைப்பட்டதில்லை. யார் யாரைத் துரத்துகிறார், நாம் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பது அங்கே தெளிவு. இந்தப் படத்தில் அந்தத் தெளிவுதான் இல்லை. இவர் நல்லவர், இது தவறு என்று சொல்ல ஒரு பாத்திரமும் வாய் திறப்பதில்லை. என் விருந்தினரைச் சங்கடப்படுத்தியது சொற்கள் இல்லாமை அன்று, தீர்ப்பு இல்லாமை என்பதே என் கருத்து.

படம் முடிந்ததும் பேச்சு பாட்டியைப் பற்றித் திரும்பியது. என் தோழி ஒருவர், மூன்றாம் படிவத்தில் பயிலும் மகனின் தாய், “என்ன அருமையான பாட்டி! பேரனுக்காகக் கடலையே தாண்டிவிட்டாரே!” என்றார். அவர் தம் மகனை வாரத்தில் ஐந்து நாள் பிரத்தியேக வகுப்புக்கு அழைத்துச் செல்பவர். படம் முழுவதும் வாயைத் திறக்காத அந்தப் பையன் சொன்னான்: “அவன் ஆசப்பட்டது சைக்கிளுக்குத்தானே அம்மா? போட்டிக்கு இல்லையே.”

ஒருவரும் மறுமொழி கூறவில்லை. தோழி எழுந்து தேநீர் கலக்கப் போய்விட்டார்.

பையன் சொன்னது முழுவதும் சரியென்று நான் வாதிட மாட்டேன். அந்த ஏட்டில் ஒட்டப்பட்டிருந்தவர்கள் பந்தய வீரர்கள்தாம். ஆயினும் அவன் பேச்சுக்குப்பின் படத்தை மறுமுறை தனியே பார்த்தேன். பயிற்சி முடிந்து வரும் சாம்பியனின் கால்களைப் பாட்டி புல்வெட்டும் கருவியாலும் முட்டை அடிக்கும் கருவியாலும் பிடித்துவிடுகிறார். முதன்முறை அதைப் பார்த்துச் சிரித்தேன். மறுமுறை அவன் கண்களைப் பார்த்தேன். அவற்றில் ஒன்றுமே இல்லை. கடத்தல்காரர்கள் அவனை ஒரு மேடையில் பொருத்திய மிதிவண்டியில் ஏற்றி, எதிரே திரையில் சாலைக் காட்சியை ஓடவிட்டு, அவன்மீது பந்தயம் கட்டுகிறார்கள். அங்கும் அதே வளைந்த முதுகு, அதே வெற்றுக் கண்கள். பாட்டியின் விசிலும் சூதாடிகளின் மேடையும் ஒன்றா? இல்லை. பாட்டிக்கு அவன்மேல் உயிர். ஆனால் மிதிப்பவனுக்கு அவ்வேறுபாடு எந்த அளவுக்குத் தெரிந்திருக்கும்? நானும் பல ஆண்டுகள் யு.பி.எஸ்.ஆர். வகுப்புகளில் விசில் ஊதியவள்தான். 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டபோது மகிழ்ந்ததாக எல்லாரிடமும் சொன்னேன். அதே மாதம் வீட்டில் பழைய தேர்வுத்தாள்களைக் கட்டிப் பத்திரப்படுத்தியும் வைத்தேன்.

பள்ளி திறந்தபின் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அப்படத்தின் ஒரு பகுதியைக் காட்டினேன். இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. அசைவூட்டப் படம் என்பதாலேயே இதைப் பிள்ளைகளுக்கு முழுமையாகப் போட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் ஜோசஃபின் பேக்கர் என்னும் கறுப்பின நடனக் கலைஞரைக் கேலிச்சித்திரமாக்கிய, ஆடை குறைந்த காட்சி உண்டு. அதை நானே விரும்பவில்லை. பின்பகுதியில் துப்பாக்கிச் சூடும் உண்டு. அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டோர் விடயத்தில் பெற்றோர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டிய படமாகவே இதை வகைப்படுத்தினார்கள். நான் காட்டியது நாய்க்குட்டி வருவது முதல் பயிற்சிக் காட்சி வரை மட்டுமே.

பெரியவர்கள் அனைவரும் அன்று என்னைக் கேட்ட ஒரு கேள்வி, “அந்த நாய் ஏன் இரயிலைக் கண்டாலே மாடிக்கு ஓடிக் குரைக்கிறது?” என்பது. மாணவர்கள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. குட்டியாக இருந்தபோது பொம்மை இரயில் அதன் வாலில் ஏறியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். வசனம் வரும் என்று காத்திருந்த நேரத்தில் நாங்கள்தாம் அதைத் தவறவிட்டிருந்தோம்.

காட்சி முடிந்தவுடன் முன்வரிசை மாணவி கையை உயர்த்தினாள். “டீச்சர், படிப்பினை எழுதணுமா?”

அந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நானே. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலந்தொட்டு, கதை என்றால் இறுதியில் படிப்பினை என்று பழகிவிட்டோம். முயலும் ஆமையும், காகமும் நரியும் அதற்கு இடந்தருபவை. ஆனால் எல்லாக் கதையையும் அவ்வாறு பிழிந்தெடுத்தால், படிப்பினைக்கு மட்டுமே பிள்ளைகள் காத்திருப்பார்கள். வழியில் நாயின் வால் நசுங்கியதை யார் கவனிப்பது? எழுத வேண்டாம், பாட்டியைப் பற்றி நினைப்பதைச் சொன்னால் போதும் என்றேன். முதலில் அமைதி, பிறகு ஒரே சண்டை. பாட்டி பாவம் என்றார்கள், பாட்டி கண்டிப்பு என்றார்கள். நாயிடம் யாருமே எதையும் கேட்கவில்லை என்று ஒருவன் வருத்தப்பட்டான்.

சக ஆசிரியர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். “பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொற்களே பற்றவில்லை. இந்நிலையில் சொல்லே இல்லாத படத்தைத் தமிழ்மொழி நாழிகையில் காட்டுகிறீர்களே, டீச்சர்?” நியாயமான கேள்வி. உண்மையில் அன்று வகுப்பில் ‘அந்த மெஷின்’, ‘அந்தச் சாமான்’ என்ற சொற்களே மிகுதியாக ஒலித்தன. வசனமுள்ள படமென்றால், கேட்டதைத் திருப்பிச் சொல்லி ஒப்பேற்றியிருப்பார்கள். அவர்களிடம் எந்தச் சொல் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்காது. சாம்பியனின் முழங்காலுக்குக் கீழே பின்புறம் பலாப்பழம்போல் புடைத்திருந்த தசைக்குப் பெயர் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. மறுநாள் காலை வருகைப் பதிவு எடுக்குமுன்பே ஒரு மாணவி ஓடிவந்து, “கெண்டைக்கால், டீச்சர்! எங்க பாட்டி சொன்னாங்க” என்றாள். சொல் விளக்க அட்டையில் எழுதி ஒட்டியிருந்தால் அச்சொல் இவ்வளவு ஓட்டமாக வந்திருக்குமா என்பது ஐயமே.

இன்னொன்று சொல்ல வேண்டும். படத்தின் தொடக்கத்தில், தொலைக்காட்சியின் எதிரே அமர்ந்திருக்கும் சிறுவனிடம் பாட்டி கேட்கிறார்: படம் முடிந்துவிட்டதா, பாட்டியிடம் சொல்ல உனக்கு ஒன்றுமில்லையா என்று. அவன் பதில் சொல்வதில்லை. கடைசிக் காட்சியில் சாம்பியன் முதியவனாகி அதே திரையின்முன் தனியே அமர்ந்திருக்கிறான். அருகில் பாட்டி இல்லை. அப்பொழுதுதான் அவன், முடிந்துவிட்டது பாட்டி என்று பதில் சொல்கிறான்.

சென்ற வாரம் என் தோழி தொலைபேசியில் அழைத்து, அந்த வட்டை இரண்டு நாளுக்குத் தர முடியுமா என்று கேட்டார். மகன் மீண்டும் பார்க்க விரும்புகிறானாம். தாமும் உடன் அமர்ந்து பார்க்கப் போவதாகச் சொன்னார். எந்த நாள் என்று கேட்டேன். புதன்கிழமை என்றார். அது அவனுக்குக் கணித வகுப்புள்ள நாள்.