ஆனையிறவு சொல்லும் பாடம்

'இறத்தல்' என்பதற்கு மரணம் மட்டுமே பொருளன்று; கடந்து செல்லுதல் என்பது அதன் பழைய பொருள். வன்னியில் பிடிக்கப்பட்ட யானைகள் கடனீரேரியைக் கடந்து யாழ்ப்பாணம் கொண்டுசெல்லப்பட்ட வழியே ஆனையிறவு. அச்சொல்லின் மற்றப் பொருளை அங்கே நிலைநாட்டியது போர். 2006 ஆகஸ்ட்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, உணவுக்கும் மருந்துக்கும் குடாநாட்டு மக்கள் தவித்தனர்.

இராமேசுவரத்தின் நெடும் பிராகாரமாயினும் இரு காடுகளை இணைக்கும் வழித்தடமாயினும், வழி என்பது இரு முனைகளுக்கும் உயிர்நாடி. இன்று இலங்கையில் வேலிகளும் குடியேற்றங்களும் யானைகளின் வழித்தடங்களை மறிக்கின்றன. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகள் மடிகின்றன, மனிதரும் மடிகின்றனர். புதிய குடியேற்றங்களைத் திட்டமிடுவோர் முதலில் யானைத் தடங்களை ஒதுக்கிவிட்டே வரைபடம் கீற வேண்டும். பாதை அடைபட்டால் நேர்வதை நம்மைவிட அறிந்தவர் யார்? நாம் அனுபவித்ததை யானைகளுக்கு நாமே செய்யலாமா?