24 எங்கே போச்சு?

ஃபெஞ்சல் ஞாபகம் இருக்கா மக்களே? 2024 நவம்பர் 30 ராத்திரி நம்ம ஊர்ப் பக்கமா கரையைக் கடந்த புயல். மறுநாள் காலையில் பாதி புதுச்சேரி முழங்கால் தண்ணியில் நின்றது. அதைப் பார்த்துத்தான் நாங்கள் நாலு பேர் மினி புராஜெக்டுக்குப் பெரிய வாய்க்காலை எடுத்தோம். ஓரத்தில் ஒரு சென்சார், ஒரு ஈஎஸ்பி32, ஒரு ரேடியோ மாட்யூல். வாய்க்காலில் தண்ணி எவ்வளவு ஏறுகிறது என்று ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து பார்க்கலாம். ஐடியா அவ்வளவுதான்.

டேபிளில் ரெண்டு வாரம் ஓடியது, ஒரு பிழையும் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் முதல் பெரிய மழை வந்த ராத்திரி, வாய்க்காலின் ஆழத்தைவிடப் பல மடங்கு உயரத்துக்குத் தண்ணி நிற்பதாகத் திரையில் நம்பர்கள் வந்தன. நடுநடுவே சரியான நம்பர்களும் வந்திருக்கின்றன. தண்ணி நிஜமாவே வேகமா ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் எது சரி, எது குப்பை என்று தெரியாததால் எதையுமே நாங்கள் நம்பவில்லை. ஒரு எச்சரிக்கைக் கருவி தேவைப்பட்ட ஒரே ராத்திரியில் அதை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கப் போனோம்.

காரணம் கண்டுபிடிக்க நாலு நாள் ஆச்சு. ரேடியோவில் வரும் பேக்கெட் 24 பைட். கெட்டுப் போன பேக்கெட்டைத் தூக்கிப்போட சிஆர்சி கணக்குப் போடும் ஃபங்ஷன் ஒன்று எழுதியிருந்தோம். அதன் பாராமீட்டரில் அரே என்று போட்டு, சதுர அடைப்புக்குள் 24 என்று தெளிவா எழுதியும் இருந்தோம். உள்ளே நீளத்துக்கு சைஸ்ஆஃப். விடை 24 வரணும் இல்லையா? வந்தது 4.

ஏன்னா சி மொழியில் ஃபங்ஷன் பாராமீட்டரில் எழுதும் அந்த 24-க்கு மதிப்பே கிடையாது. கம்பைலர் அதைப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடும். உள்ளே போவது முதல் பைட்டின் முகவரி மட்டும். ஈஎஸ்பி32-இல் ஒரு முகவரிக்கு 4 பைட். மிஷன் வீதியில் முதல் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டு, தெரு எங்கே முடியுது என்று சொல்லாமல் தபால்காரரை அனுப்புவது மாதிரி. அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் அதே ஃபங்ஷன்தான். ரெண்டும் முதல் 4 பைட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டு, ரெண்டும் ஒத்துப் போய், 'பேக்கெட் சரி' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. தண்ணி அளவு இருந்தது 5-வது பைட்டிலிருந்து. டேபிளில் சிக்னல் சுத்தமா இருந்ததால் தப்பு தெரியவே இல்லை. மழையில் ஆன்டெனா நனைந்ததும் தெரிந்தது.

ஜிசிசி இதற்கு வார்னிங் கொடுக்கும், கேட்காமலேயே கொடுக்கும். ஆனால் அர்டுயினோ ஐடிஇ-யில் வார்னிங் செட்டிங் தொடக்கத்தில் 'வேண்டாம்' என்றுதான் இருக்கிறது. நாங்களும் மாற்றவில்லை. (இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் மாற்றியிருக்கீங்க? கை தூக்க வேண்டாம்.)

இது எங்க கவனக்குறைவு, ஒத்துக்கிறேன். ஆனால் 'கவனமா இரு தம்பி' என்பதோடு இந்தப் பேச்சை முடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 24 என்று எழுதியவன் நான். அந்த எண்ணை டைப்பின் பகுதியா வைத்துக்கொள்ளாமல் கைவிட்டது மொழி.

சரி, வைத்துக்கொண்ட மொழி இருந்ததா? இருந்தது. 1970-இல் நிக்லாஸ் விர்த் கொண்டுவந்த பாஸ்கலில் அரேயின் அளவு டைப்போடு ஒட்டியே இருக்கும். ஆனால் 10 உறுப்பு அரேயை வரிசைப்படுத்தும் ஃபங்ஷனுக்கு 20 உறுப்பு அரேயைக் கொடுக்க முடியாது. இன்னொரு ஃபங்ஷன் எழுதணும். பிரையன் கெர்னிகன் 1981-இல் பாஸ்கலைத் திட்டி எழுதிய கட்டுரையில் முக்கியமான குறையே இதுதான். சி அளவைத் தொலைத்தது, பாஸ்கல் அதைச் சங்கிலியால் கட்டியது. நமக்கு வேண்டியது மூணாவது வழி: 'எந்த என்-ஆக இருந்தாலும் சரி, ஆனால் அந்த என் எது என்று கம்பைலருக்குத் தெரியணும்.' ரஸ்ட்டில் இதற்குப் பெயர் கான்ஸ்ட் ஜெனரிக்ஸ். 2021 மார்ச்சில் 1.51 பதிப்பில்தான் எல்லாருக்கும் வந்தது. அதற்கு முன்னால் நிலைமை பரிதாபம். 2020 அக்டோபர் வரை 32 உறுப்புக்கு மேல் போன அரேயை நேரடியா பிரிண்ட்கூடப் பண்ண முடியாது. பொறுக்க முடியாதவர்கள் பைனரி இலக்கங்களையே டைப்புகளா அடுக்கி எண்களை உருவாக்கி ஒரு லைப்ரரி செய்தார்கள். அதில் வரும் எரர் மெசேஜைப் பார்த்தால் ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும்.

'இதெல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் சமாச்சாரம், நம்ம பசங்களுக்கு எதுக்கு' என்று ஒரு பேச்சு வரும். எனக்கே ஒருவர் சொன்னார். அவருக்கு என் பதில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூணு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான சக்தி ப்ராசஸர் எழுதப்பட்டது வெரிலாக்கில் இல்லை, ப்ளூஸ்பெக்கில். 2018-இல் அந்தச் சிப்பில் லினக்ஸ் பூட் ஆனது. எழுதியவர்களில் நம்ம வயசுக்காரர்கள் நிறைய.

ப்ளூஸ்பெக்கில் எண்களே டைப்புகள். 32 பிட் என்பது ஒரு டைப், 33 பிட் வேறு டைப். வெரிலாக் லேபில் 8 பிட் வயரில் 12 பிட் மதிப்பைப் போட்டுப் பாருங்க. மேலே இருக்கும் 4 பிட்டைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டுச் சிமுலேஷன் ஓடும். வெளியீடு தப்பு என்று வைவாவில்தான் தெரியும். ப்ளூஸ்பெக்கில் அது கம்பைலே ஆகாது. வெட்டணும்னா 'வெட்டு' என்று நீங்களே எழுதணும். அதைவிட முக்கியம், 'என்-உடன் ஒன்றைக் கூட்டினால் எம்' என்ற நிபந்தனையை ஒரு மாட்யூலுக்கு டைப் அளவிலேயே விதிக்கலாம். ரஸ்ட்டின் ஸ்டேபிள் பதிப்பில் 'என் கூட்டல் ஒன்று' அளவுள்ள அரே என்று ஜெனரிக்கா எழுத இன்னும் வழி இல்லை. ஹார்டுவேர்காரர்களுக்கு வேறு வழி இல்லை என்பதால் முந்திக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். சிலிக்கானில் பதித்த பிறகு வயர் எண்ணிக்கையை மாற்றவா முடியும்?

நான் எல்லாரையும் ரஸ்ட்டுக்கு மாறச் சொல்லவில்லை. அர்டுயினோவில் நாம் சி என்று நினைத்து எழுதுவது உண்மையில் சி++. அரேயை ரெஃபரன்ஸா வாங்கி, அளவை டெம்ப்ளேட் பாராமீட்டரா வைத்தால் போதும், என் தானாகவே பிடிபடும். இது 1998 தரத்திலேயே இருக்கிறது. நம்ம லேப் மேனுவலில் மட்டும் இல்லை.

இதில் இழப்பே இல்லையா? இருக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் ஃபங்ஷனின் ஒரு தனிப் பிரதி உருவாகும். 32 கேபி ஃபிளாஷ் உள்ள ஊனோவில் அது கடிக்கும். டெம்ப்ளேட்டை ஒரு மெல்லிய உறையா மட்டும் வைத்து, உள்ளே முகவரியையும் என்-ஐயும் ஒரே பொது ஃபங்ஷனுக்கு அனுப்பினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நீளம் ஓடும்போதுதான் தெரியும் என்றால், இண்டர்நெட்டில் வரும் மெசேஜ் மாதிரி, இந்த வித்தை உதவாது. முகவரியும் நீளமும் சேர்ந்த ஸ்லைஸ்தான் சரி. ஆனால் நம்ம மினி புராஜெக்டுகளைப் பாருங்க. சென்சார் பஃபர், எல்சிடி வரி, ரேடியோ பேக்கெட் என்று பத்தில் ஒன்பது, எழுதும்போதே அளவு தெரிந்தவை.

அதனால் என் கோரிக்கை சின்னது. முதலாம் ஆண்டு சி லேபில் பாராமீட்டர் அரேயின் சைஸ்ஆஃபை ஒரு தடவை பிரிண்ட் பண்ணச் சொல்லுங்க. அந்த 4-ஐயோ 8-ஐயோ பசங்க கண்ணால பாக்கட்டும். நம்ம கிளப் ரெப்போக்களில், அளவு தெரிந்த பஃபரை மொட்டையான முகவரியா வாங்கும் ஃபங்ஷனை ரிவ்யூவில் திருப்பி அனுப்புங்க.

எங்க கோடை நாங்கள் அப்படித்தான் திருத்தினோம். சிஆர்சி ஃபங்ஷனையும், ஒரு பஃபரிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி பண்ணும் ஃபங்ஷனையும் மாற்றினோம். காப்பியில் ரெண்டு பக்கமும் ஒரே என் இருக்கணும் என்று போட்டோம். கம்பைல் கொடுத்ததும் மூணு எரர். ரெண்டு சிஆர்சி பற்றியவை, எதிர்பார்த்தவைதான். மூணாவது, திரைக்கு அனுப்பும் பஃபர். பேக்கெட் 20 பைட்டா இருந்த காலத்தில் எழுதியது, யாரும் மாற்றவில்லை. இத்தனை மாசமா அதில் 24 பைட்டைத் திணித்துக்கொண்டிருந்திருக்கிறோம். மிச்ச 4 பைட் பக்கத்தில் எதன் மேல் விழுந்தது என்று மெமரி மேப்பை விரித்துப் பார்த்தான் என் நண்பன். அபாய அளவுக்கான அலாரம் எல்லை.