மதிப்பெண்ணில் மனத்துக்கும் பங்குண்டு

அரியர் வைத்த மாணவருக்குக் கல்லூரிகள் பெரும்பாலும் சொல்வது, 'இன்னும் கவனமாகப் படி' என்பதுதான். அது போதாது. சிட்னி பல்கலைக்கழகத்தின் கரோலின் மெக்கான் குழு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 27 நாடுகளைச் சேர்ந்த 42,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பற்றிய தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. உணர்வுகளைப் புரிந்து கையாளத் தெரிந்தவர்கள் படிப்பிலும் ஓரளவு மேம்பட்டிருந்தார்கள். தேர்வு பயமும் சலிப்பும் தோல்வி தந்த அவமானமும் கவனத்தைத் தின்றுவிடுகின்றன. அவற்றை இனங்கண்டு தணிக்கத் தெரிந்தவருக்குப் பாடம் எளிதில் மனத்தில் தங்குகிறது, சந்தேகத்தைக் கூச்சமின்றிக் கேட்கவும் முடிகிறது.

அறிவுத்திறனும் விடாமுயற்சியும் அல்லவா முதன்மை என்று கேட்கலாம். உண்மை; அந்த ஆய்வும் அவற்றையே முன்னால் வைக்கிறது. உணர்வுத் திறனுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்றும் ஆகிவிடாது. ஆனாலும் உணர்வுத் திறனைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. இதில் நாம் அஞ்சுவது ஒன்றே: கட்டணச் சுமையையும் ஆங்கிலவழிப் பாடத்தின் தடுமாற்றத்தையும் மாணவரின் மனக்குறையாகக் காட்டிக் கல்லூரி கைகழுவிவிடக் கூடாது. ஒருநாள் ஊக்கவுரைகளுக்குச் செலவிடும் பணத்தில் முழுநேர மனநல ஆலோசகரை நியமிக்கட்டும். முதல் பருவத்திலேயே ஆசிரியர்களுக்கும் பயிற்சி தரட்டும்.