யானை உலகத்தைச் சுற்றவில்லை, மாப்பிள்ளை!

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று என் அக்கா மகன் ஒரு பழைய செய்தியைப் பகிர்ந்து, "17,000 வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாமூத் யானை உலகத்தையே ரெண்டு சுத்து சுத்துச்சாம். கூடப் போய் யாரு மாமா பார்த்தது?" என்று எழுதியிருந்தான். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். போட்டவர்களில் நாலைந்து பேர் என்னிடம் படித்தவர்கள். அதுதான் வலிக்கிறது.

முதலில், அது உலகத்தைச் சுற்றவில்லை. வாழ்ந்ததும் செத்ததும் அலாஸ்கா பக்கம்தான். 28 வருஷம் நடந்ததைக் கூட்டினால் பூமியை ஏறக்குறைய இரண்டு முறை சுற்றும் தூரம் வரும் என்றுதான் 2021இல் சயின்ஸ் இதழில் ஆய்வு வந்தபோது சொன்னார்கள். பரபரப்புத் தலைப்புப் போட்டவர்களைக் கேளுங்கள், ஆய்வாளர்களை அல்ல.

சரி, எப்படித் தெரியும்? பாறைக்குப் பாறை ஸ்ட்ரான்சியம் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் மாறும். அது மண்ணுக்கு வரும், புல்லுக்கு வரும், புல் தின்ற யானையின் தந்தத்தில் கால்சியத்தோடு படியும். தந்தம் நாள்தோறும் படலம் படலமாக வளர்வது. நுனியில் குட்டிப் பருவம், அடியில் கடைசி நாள். மேத்யூ வூலர் குழுவினர் தந்தத்தை நீளவாக்கில் பிளந்து, லேசர் வைத்து ஏறக்குறைய நான்கு லட்சம் இடங்களில் அளந்தார்கள்.

எந்த எண் எந்த ஊருக்கு? இதைத்தான் நான் ரொம்ப ரசித்தேன். அருங்காட்சியகத்தில் சேர்த்து வைத்திருந்த சின்னச் சின்ன எலிகளின் பற்கள்! எலி பிறந்த இடத்தை விட்டு அதிகம் போகாது. அலாஸ்கா முழுக்கக் கிடைத்த நூற்றுக்கணக்கான எலிப் பற்களை அளந்து வரைபடம் போட்டார்கள். ஒரே எண் இரண்டு இடத்தில் வரலாம், உண்மை. அதனால்தான் செத்த இடத்திலிருந்து பின்னோக்கி, ஒரு வாரத்தில் எவ்வளவு நடக்க முடியும் என்று கணினியில் கணக்கிட்டார்கள். கிடைத்தது பெரும்பாலும் இப்படிப் போயிருக்கும் என்கிற பாதை. அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பதினாறு வயது வாக்கில் திடீரென்று தொலைதூரம் அலையத் தொடங்கியிருக்கிறது. கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஆண் யானையாக இருக்கும் என்கிறார்கள். கடைசி ஒன்றரை வருஷம் ஒரு சின்ன வட்டத்துக்குள். முடிவில் நைட்ரஜன் ஐசோடோப்பு ஏறுகிறது. பட்டினி கிடந்து, தன் உடம்பையே கரைத்துத் தின்றதன் அடையாளம் அது. இதற்கா சிரிப்பு?

என் பங்கும் இதில் உண்டு. "எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?" என்று வகுப்பில் ஒரு பையன் டைனோசரைப் பற்றிக் கேட்டபோது, "புக்குல இருக்கு, எழுதிக்கோ" என்று உட்கார வைத்தவன் நான். அந்தப் பையன் இதைப் படிக்கிறான் என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளை, உன் கேள்வி நல்ல கேள்விதான். பதில் வரும்வரை காத்திருக்காமல் பொம்மை போட்டாயே, அதற்குத்தான் இத்தனை திட்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, எலிப் பல் கணக்கைப் படம் போட்டுக் காட்டுகிறேன்.